ஏழு தடவை என்று சொன்னேன்

"படிச்ச வவுறு தாங்காது மே, பாத்துக்கோ."

திருவொற்றியூர் மீன் மார்க்கெட்டில் அம்மாவுக்குப் பக்கத்துப் பலகையில் மீன் விற்கும் அத்தை இதைச் சொன்னபோது நான் மூன்று மாதக் கர்ப்பம். அத்தை எங்களுக்கு உறவில்லை. இருபது வருடமாக அம்மாவுக்குப் பக்கத்தில் உட்காருகிறவள் என்பதால் அத்தை. என் மேல் கோபமும் இல்லை அவளுக்கு. நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிற பெண்களுக்கு இடுப்பில் பலம் இருக்காது என்பது அவள் கட்சி.

"நாங்கல்லாம் கூடைய தலையில வெச்சிகினு ஒம்போது மாசமும் நடந்தவளுங்க. இது காத்தால குந்துனா சாய்ங்காலம்தான் எய்ந்துக்குது. கொயந்த எத்த புடிச்சிகினு நிக்கும்?"

அம்மா சங்கரா மீனின் செதிலைச் சீவிக்கொண்டே பதில் சொன்னாள். "ஒம் பொண்ணு மூணாங்கிளாஸோட நின்னுடுச்சே, அது வவுறு இன்னா இரும்பாலயா கீது?"

மீன் வாங்க நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சொல் என்னோடு பஸ் ஏறி எர்ணாவூரில் என் வீடு வரை வந்தது.

எங்கள் வீட்டில் அப்பா வழியிலும் அம்மா வழியிலும் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். பன்னிரண்டாவது முடித்தேன், பி.காம் முடித்தேன். மணலி போகிற சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் எடைமேடைக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, வந்து ஏறும் ஒவ்வொரு லாரிக்கும் எடைச்சீட்டு அடித்துக் கொடுக்கிறேன். டிரைவர்கள் என்னை மேடம் என்கிறார்கள். என் நைனா ஒருமுறை அந்த வழியாக வந்தவர், சாலையில் நின்று கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துவிட்டு, உள்ளே வராமலே போய்விட்டார். வீட்டில் அம்மாவிடம் மட்டும் சொன்னாராம், "சேர்ல குந்திகினு கீதுமே, ஏசி ரூம்ல." இதையெல்லாம் எழுதுவதில் எனக்குக் கூச்சம் இல்லை. ஒவ்வொன்றும் கஷ்டப்பட்டு வந்தது.

அதனால் கர்ப்பத்தையும் பரீட்சையைப் போலத்தான் எடுத்துக்கொண்டேன். சுகாதார நிலையத்தில் கொடுத்த தாய் சேய் அட்டையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்து, பென்சிலால் கோடு போட்டேன். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்கக்கூடாது, எலுமிச்சைச் சாறோடு நல்லது என்று இருந்ததால் காலை டீயைப் பின்னுக்குத் தள்ளினேன். கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, முட்டை. அம்மா வாரத்துக்கு இரண்டு நாள் கவலை மீனோ நெத்திலியோ கொண்டுவந்து குழம்பு வைத்துவிட்டுப் போவாள். மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் பக்கமிருந்து காற்று திரும்பி, அழுகிய முட்டை நாற்றம் வீட்டுக்குள் வரும் நாட்களில் எனக்கு வாந்தி நிற்காது. அந்த நாட்களில் என் வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தி, ஈரத் துண்டைச் சட்டத்தில் செருகிவிடுவார். அவர் வள்ளூரில் அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வெல்டர். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும், முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைத்தால் இடுப்பு வலி குறையும் என்று நான் படித்துச் சொன்னதும், தன் தலையணையை என்னிடம் கொடுத்துவிட்டு, கையை மடக்கித் தலைக்கு வைத்துப் படுத்தார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

எங்கள் அடுக்குமாடி பிளாக்கில் இன்னும் இரண்டு பெண்கள் அப்போது முழுகாமல் இருந்தார்கள். இருவருக்கும் அட்டையைப் படித்துக் காட்டினேன். "ஒரு நாளைக்குப் பத்து டம்ளர் தண்ணி குடிக்கணும். ஒண்ணுக்கு வந்தா அடக்கவே கூடாது." அவர்கள் தலையாட்டினார்கள். எனக்கு டீச்சர் ஆகிவிட்டது போல இருந்தது.

ஒவ்வொரு மாதமும் சுகாதார நிலையத்து நர்ஸம்மா எடை பார்த்து, ரத்த அழுத்தம் பார்த்து, வரிசையாகக் கேட்பார்.

"தண்ணி எவ்ளோ குடிக்கிற?"

"பத்து டம்ளர் மேடம்."

"ஒண்ணுக்கு எத்தினி தடவ போற?"

"ஏழு தடவை."

"குட். படிச்ச பொண்ணுன்னா சொல்றதுக்கு வேலையே இல்ல."

முழு மதிப்பெண் வாங்கிய சந்தோஷத்தோடு வெளியே வருவேன். இரண்டு பதிலுமே பொய்.

யார்டில் பெண்களுக்கென்று ஒரு கழிவறை இருக்கிறது. எடைமேடை முன்வாசல் பக்கம். கழிவறை பின்சுவர் ஓரம். நடுவில் ஐந்தடுக்காக அடுக்கிய கன்டெய்னர்கள், அவற்றைத் தூக்கி இறக்கும் வண்டிகளின் பாதை. சாவி கேட்டில் செக்யூரிட்டியிடம் இருக்கும். அவரைச் சுற்றி எப்போதும் பத்து டிரைவர்கள் நிற்பார்கள். அவர்கள் நடுவில் போய்ச் சாவி கேட்க வேண்டும். மொத்த யார்டில் நாங்கள் இரண்டே பெண்கள். அக்கவுன்ட்ஸில் இருக்கும் அக்காவும் நானும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அந்த அக்கா சொன்னார், "காலையில வீட்ல போயிட்டு வந்துடு, அவ்ளோதான்." எட்டு மணிக்கு உட்கார்ந்தால் ஐந்து மணிக்கு வீட்டுக்குக் கிளம்பும் வரை நான் எழுந்து போனதில்லை. ஏசி அறையில் தாகம் தெரியாது. காலையில் நிரப்பிய பாட்டில் மாலையில் முக்கால்வாசி அப்படியே திரும்பி வரும். கர்ப்பம் ஆன பிறகும் அப்படித்தான்.

இதை நான் யார்டில் கற்றுக்கொள்ளவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்துக் கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, குழாயில் தண்ணீரும் வராது. ஆறாம் வகுப்பில் சேர்ந்த வாரம், நான் இனிமேல் போக மாட்டேன் என்று அழுதேன். அம்மா என்னை உட்கார வைத்துச் சொன்னாள், "காத்தால ஒரு வா டீ போதும். அப்பால தண்ணி தொடாத. தொண்ட காஞ்சா இத்த கன்னத்துல அடக்கிக்கோ." வறுத்த புளியங்கொட்டை நாலு என் பைக்குள் போட்டாள். அம்மா கன்னத்தில் கொட்டைப்பாக்கு அடக்கிக்கொள்வாள். விடியற்காலையில் காசிமேட்டில் மீன் எடுக்கப் போனால் மதியம் இரண்டு மணிக்குப் பலகையைக் கழுவும் வரை அவளும் அப்படித்தான் உட்காருவாள். மார்க்கெட்டில் எல்லாப் பெண்களும் அப்படித்தான். அது அவர்களுக்கு ஒரு கெத்து. யாராவது நடுவில் எழுந்து போனால், "புதுசு போல கீது" என்று சிரிப்பார்கள். ஏழு வருடம் நான் புளியங்கொட்டையை அடக்கிக்கொண்டு படித்தேன். ஒரு நாள்கூட லீவு போடவில்லை என்று பள்ளியில் எனக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள்.

ஆறாம் மாதத்தின் கடைசியில் ஒன்றுக்குப் போகும்போது எரிந்தது. சூடு என்றாள் அம்மா. தொப்புளிலும் கால் கட்டைவிரலிலும் நல்லெண்ணெய் வைத்துவிட்டாள், வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தாள். இரண்டு நாள் குறைந்த மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் இடுப்பு வலித்தது. இடுப்பு வலி எல்லோருக்கும் வருவதுதானே என்று வேலைக்குப் போனேன்.

அன்று மாலை திரும்பி வரும்போது பஸ் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் நின்றுவிட்டது. அது தினமும் நிற்கிற இடம்தான். எனக்குக் குளிர ஆரம்பித்தது. வெளியே வெயில் இருக்கிறது, எனக்குப் பல் கிட்டிக்கொண்டது. பிறகு வயிறு கெட்டியானது. கையை வைத்துப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் தளர்ந்தது. திரும்பவும் கெட்டியானது. அட்டையில் பிரசவ வலி பற்றிய பக்கத்திலும் நான் கோடு போட்டிருந்தேன். எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை என்று பார்க்க வேண்டும் என்று தெரியும். செல்போனில் பார்த்தேன். ஒன்பது நிமிடம். அடுத்தது எட்டு.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நடுவயதுப் பெண்மணியை எனக்கு யாரென்று தெரியாது. அவர் என் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார்.

"யோவ் கண்டக்டரு, கதவத் தொற. புள்ளத்தாச்சிக்கு ஒடம்பு நெருப்பா கொதிக்கிது. உன் பஸ்ஸு இன்னிக்கு நவுராது."

அவரே லாரிகளுக்கு நடுவில் என்னைக் கைப்பிடித்து அழைத்துப்போய், சந்து வழியாக வந்த ஒரு ஆட்டோவில் ஏற்றிவிட்டார். ஆட்டோவில் வயிற்றின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன், அம்மாவுக்குச் செய்தேன். தாங்காது என்ற சொல்லைத் தவிர வேறு எதுவும் மனதில் வரவில்லை.

அரசு ஆஸ்பத்திரிக்கு எனக்கு முன்னாலேயே அம்மா வந்து வாசலில் நின்றிருந்தாள். வீட்டில் குழம்புக்கு மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள், கை கழுவ நேரமில்லாமல் மீன் வாசனையோடு வந்திருந்தாள். டாக்டர் என்னைவிட நாலைந்து வயது பெரியவராக இருப்பார். வயிற்றை அழுத்திப் பார்த்தார், சிறுநீர்ப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் என் கட்டில் ஓரம் வந்து நின்று கேட்டார்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்க?"

"பத்து டம்ளர்."

"யூரின் எத்தனை தடவை போவீங்க?"

"ஏழு தடவை."

அந்த நிலையிலும் வாய் தானாகச் சொன்னது. அம்மா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"பொய் சொல்லுதும்மா. காத்தால போனா சாய்ங்காலம் வூட்டுக்கு வந்துதான் போவும். பாட்டிலு அப்டியே வரும், நான்தான் கவுத்து ஊத்துவேன். தண்ணியே குடிக்காது. நான்தான் அப்டி பயக்கனேன்."

டாக்டர் என்னைத் திட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "தண்ணி குடிக்காம, வர்றதையும் அடக்கிட்டே இருந்தா கிருமி உள்ளேயே தங்கிடும். கர்ப்பத்துல அது சீக்கிரமா மேல ஏறி கிட்னிக்குப் போயிடும். காய்ச்சல் வரும், கர்ப்பப்பையும் சுருங்க ஆரம்பிச்சிடும். இப்ப அதான் நடக்குது. உங்களுக்கு இருபத்தேழு வாரம். குழந்தை இன்னும் வெளிய வர்ற நேரம் இல்ல. மருந்து போடுறோம். சுருக்கம் நின்னுடுச்சுன்னா நல்லது."

நிற்காவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்காரரும் வந்துவிட்டார்; பிரசவ வார்டுக்குள் ஆண்களை விடாததால் வெளியே நின்றார். கையில் டிரிப் ஏற்றினார்கள். குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்க வயிற்றில் ஒரு கருவியை வைத்தார்கள். காசிமேட்டில் தூரத்தில் போகும் போட் இன்ஜின் மாதிரி, விடாமல், அவசரமாக ஒரு சத்தம். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் காலையில் டாக்டர் வந்து, காய்ச்சல் இறங்கியிருக்கிறது, சுருக்கமும் குறைந்திருக்கிறது என்றார். போகத் திரும்பியவரை அம்மா நிறுத்தினாள்.

"ஏம்மா, எரிச்சலு வந்து, ஜொரம் வந்து, ஏழாம் மாசத்துல கொயந்த போச்சுன்னா, அதுவும் இந்த மேரிதானா?"

டாக்டர் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். "யாருக்கும்மா?"

"சொம்மா கேட்டேன்."

"இருந்திருக்கலாம். வேற காரணமும் இருக்கலாம். இப்ப சொல்ல முடியாதும்மா."

அவர் போன பிறகு அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு முன்னால் அவளுக்கு ஒரு பிள்ளை உண்டாகிப் போயிருந்தது அன்றுவரை எனக்குத் தெரியாது. இருபத்தைந்து வருடமாக வீட்டில் யாரும் சொன்னதில்லை.

"ஆம்பளப் புள்ள. சூட்டுல போச்சுன்னு சொன்னாங்கோ. நானும் அப்டியே நெனச்சிகினு கீறேன்." டிரிப் பாட்டிலை நிமிர்ந்து பார்த்து, "அந்தப் பயக்கத்தயே உனுக்கும் சொல்லிக் குடுத்து வெச்சிகீறேன் பாரு," என்றாள்.

"நீ சொல்லிக் குடுக்கலன்னா நான் ஸ்கூலுக்கே போயிருக்க மாட்டேன்மா."

அது சமாதானத்துக்குச் சொன்னதில்லை. உண்மை. அம்மா டம்ளரில் தண்ணீர் ஊற்றி என் வாய்க்கு நேராக நீட்டினாள். நான் முழுவதும் குடிக்கும் வரை கையை எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்த நான்கு நாளும் அதுவே அவள் வேலையாக இருந்தது. நான் எழுந்தால் டிரிப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே கழிவறை வரை வருவாள். "போ போ, நான் கதவாண்ட நிக்கறேன்" என்பாள். ஆறாம் வகுப்பில் எனக்கு அப்படி ஒருவர் கதவருகில் நின்றிருந்தால் போதும் என்று நினைத்துக்கொள்வேன்.

சுருக்கம் நின்றது. மாத்திரையை நடுவில் விடக்கூடாது, முடிந்ததும் மறுபடி சிறுநீர் பார்க்க வேண்டும், காய்ச்சலோ வலியோ ரத்தமோ நீரோ வந்தால், குழந்தையின் அசைவு குறைந்தால் உடனே வர வேண்டும் என்று எழுதிக்கொடுத்து அனுப்பினார்கள்.

அடுத்த பரிசோதனையில் நர்ஸம்மா வழக்கம்போலக் கேட்டார். நான் பழைய பதில்கள் எல்லாமே பொய் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஏம்மா அப்படிச் சொன்ன?"

"சரியான பதில் அதுதானே மேடம்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு சிரிப்பு நின்றது. "நான் கேக்கறது கொஸ்டின் பேப்பர் இல்லம்மா. நீ தப்பான பதில் சொன்னாத்தான் எனக்கு வேலை." முந்தைய மாதங்களின் கட்டங்களில் 7 என்று இருந்ததையெல்லாம் அடித்துவிட்டு, பக்கத்தில் 2 என்று எழுதினார். வீட்டுக்கு வரும் வழியில் எங்கள் பிளாக்குப் பெண்கள் இருவர் வீட்டுக்கும் போய், நான் படித்துக் காட்டியதை நானே செய்யவில்லை என்று சொன்னேன். அதில் ஒருத்தி, "நானும்தான்கா" என்றாள்.

அம்மாவும் பாட்டில் எடுத்துப் போகத் தொடங்கினாள். மார்க்கெட்டில் எல்லோர் முன்னாலும் அதைத் திறந்து குடித்த முதல் நாள் நான் அங்கே இருந்தேன். அத்தை தராசைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் வயிற்றைப் பார்த்தாள்.

"இன்னாமே, நீயும் முயுகாம கீறியா?"

"அக்காங். ரெட்ட புள்ள."

சிரிப்பு அடங்கியதும் அம்மா எழுந்து, பஸ் ஸ்டாண்டு கட்டணக் கழிவறைக்குப் போகக் கிளம்பினாள். இருபது வருடத்தில் முதல் தடவை. அத்தை அவளுடைய பலகையையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "போய்ட்டு வா, நான் பாத்துக்கறேன். ஆனா உன் மீன என் வெலைக்குத்தான் விப்பேன், சொல்லிட்டேன்." அம்மா போன பிறகு மீன் கூடையில் ஐஸை அள்ளிப் போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள், "வலி ரொம்ப இருந்துச்சா?" ஆமாம் என்றேன். ஒரு பெரிய கடம்பாக் கணவாயைத் துண்டு போட்டுப் பையில் வைத்துக் கொடுத்தாள்.

இரண்டு வாரம் ஓய்வுக்குப் பிறகு வேலைக்குத் திரும்பினேன். வேலையை விட்டுவிடு என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் விட்டிருக்க மாட்டேன். நாற்காலிக்குப் பின்னால் ஒரு சின்ன தலையணை, காலுக்குக் கீழே மரப்பெட்டி, மேசையில் இரண்டு லிட்டர் பாட்டில். பதினொரு மணிக்கு முதல் தடவை எழுந்தேன். ஒரு டிரெய்லர் மேடையில் ஏறி நின்றிருந்தது.

"இன்னா மேடம், வண்டிய ஏத்தி வுட்டுட்டு எங்க கெளம்பிட்டீங்க?"

"பாத்ரூமுக்கு."

காது எரிந்தது எனக்கு. பின்னால் நின்ற வண்டியிலிருந்து தெற்கத்திப் பக்கத்து டிரைவர் ஒருவர் தலையை நீட்டினார். "போயிட்டு வா தாயி, நாங்க எங்க ஓடிப்போகப் போறோம்." செக்யூரிட்டியைச் சுற்றி நின்ற டிரைவர்கள் நான் கேட்காமலே விலகி நின்றார்கள். போய்வரப் பதினேழு நிமிடம் ஆனது.

எடைமேடை பத்து நிமிடத்துக்கு மேல் நின்றால் ஒரு ரெஜிஸ்டரில் நேரத்தையும் காரணத்தையும் எழுத வேண்டும். ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தப் பக்கம் தலைமை அலுவலகத்துக்குப் போகும். முதல் நாள் மாலை சூப்பர்வைசர் வந்தார். கெட்ட மனிதர் இல்லை, பயந்தவர்.

"நாலு தடவ நின்னுகீதும்மா. பாத்ரூம்னு எழுதுவியா? அசிங்கமா இருக்கும். பிரிண்டர் கோளாறுன்னு போட்டுடு, யாரும் கேக்க மாட்டாங்க."

எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது. அந்த வாரம் முழுவதும் பிரிண்டர் கோளாறு என்றே எழுதினேன். அடுத்த புதன்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து மெக்கானிக் வந்துவிட்டார். பிரிண்டரைக் கழற்றி மேசை முழுக்கப் பரப்பி வைத்து, ஊதி, துடைத்து, மறுபடி பூட்டி, ஐம்பது சீட்டு அடித்துப் பார்த்தார். "மேடம், இது சோக்கா ஓடுது. ஒரு நாளைக்கு நாலு தடவ எப்டி நிக்கிது? நிக்கும்போது இன்னா சத்தம் வருது?" என்று என்னை உண்மையான கவலையோடு கேட்டார். சூப்பர்வைசர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த மனிதரிடம் என்னால் எந்தச் சத்தத்தையும் சொல்ல முடியவில்லை. பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்தேன்.

இப்போது முப்பத்திரண்டாவது வாரம். போன வாரம் முழுக்க, ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் எதிரில், காரணம் என்ற கட்டத்தில் என் கையெழுத்தில் ஒரே வாக்கியத்தை எழுதினேன்: எடைமேடை எழுத்தர் கர்ப்பிணி, பெண்கள் கழிவறை யார்டின் பின்சுவரில் உள்ளது, சாவி கேட்டில் உள்ளது, போய்வரப் பதினேழு நிமிடம். எங்கள் அறைக்குப் பின்னால் டிரைவர்களுக்கு இருக்கும் இரண்டு கழிவறைகளில் ஒன்றைப் பெண்களுக்கு ஒதுக்கி, சாவியை எடைமேடை அறையிலேயே வைக்க வேண்டும் என்று தனித்தாளில் ஒரு விண்ணப்பம் எழுதினேன். அக்கவுன்ட்ஸ் அக்கா அதை இரண்டு முறை படித்துவிட்டு, என் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினார். சனிக்கிழமை மதியம் ரெஜிஸ்டர் பக்கத்தோடு அதையும் சேர்த்துப் பின் அடித்து, தலைமை அலுவலகத்துக்குப் போகும் உறையில் போட்டு, உறையை ஒட்டிக் கொடுத்துவிட்டேன்.